கறுப்புப் பை வாத்தியார்

என் மச்சானுக்கு வாத்தியார் என்ற பெயர் வந்தது, அவன் நிஜமாகவே வாத்தியார் ஆவதற்கு நாலு வருடம் முன்னால். அவன் தப்பித்து ஓட முடியாதபடி முதல் பூட்டு அன்றைக்கே விழுந்துவிட்டது. எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவன் வைத்திருந்த பைக்கடை மூடிப்போனபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது. விற்காத சரக்கோடு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். எல்லாம் பள்ளிக்கூடப் பைகள். எல்லாம் கறுப்பு. நான் கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். ஜன்னல் கம்பி, கேட்டு, மாடிப்படிக் கைப்பிடி, எது சொன்னாலும் செய்து தருவேன். அந்தப் பைகளில் இரண்டை எடுத்து வெல்டிங் ராடு போட்டு ஆணியில் மாட்டினேன். நல்ல உழைப்பு உழைத்தன, குறை சொல்ல முடியாது.

கடை ஏன் மூடியது என்று யார் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான். எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தை இருநூறு அடி தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், ஆள் வரத்து நின்றுபோனது. அவன் சொன்னான், அவன் அக்கா சொன்னாள், நானும் கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

படிக்கிற யோசனை என் மனைவியுடையது. வணிகவியலும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த படிப்பு, நாலு வருடம், முடித்தால் உயர்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர் ஆகலாம் என்று எங்கேயோ விசாரித்துக்கொண்டு வந்தாள்.

"கடை வெச்ச அனுபவம் இருக்குல்ல, போய்ப் படிச்சிட்டு வந்து அதையே சொல்லிக்குடு" என்றாள்.

"கடையை மூடின அனுபவம்தான்க்கா இருக்கு."

"அப்ப அதைச் சொல்லிக்குடு. உன்னை யாரு வேண்டாம்னா?"

அவனுக்கு மனதுக்குள் வேறு கணக்கு. என்னிடம் மட்டும் சொன்னான். மூன்று வருடத்தில் வணிகப் பாடமெல்லாம் முடிந்துவிடும், அந்தப் பாதியை வாங்கிக்கொண்டு கழன்றுவிடலாம், ஏதாவது அலுவலகத்தில் சுவரைப் பார்த்துப் போட்ட மேசை ஒன்று கிடைத்தால் போதும். அவன் சுபாவம் அப்படி. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவான். கடையில்கூடப் பைகளை அடுக்கி அதற்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பான்.

கல்லூரிக்குப் போன முதல் நாளே முனைச் சலூன்காரர் கத்தியும் கையுமாக வாசலுக்கு வந்து, "என்ன வாத்தியாரே, பாடம் ஆரம்பிச்சாச்சா?" என்று சத்தம் போட்டார். ஒரு வாரத்தில் தெரு முழுக்க வாத்தியார். காய்கறிக்காரம்மா, தையல்காரர், தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறவர்கள், எல்லோருக்கும் வாத்தியார். முதலில் சிரித்தான். அப்புறம் தெருவைச் சுற்றிக்கொண்டு பின் சந்து வழியாக வர ஆரம்பித்தான். அந்தச் சந்திலும் இரண்டு வீடு இருக்கிறது. அவர்களும் வாத்தியார் என்றார்கள்.

மூன்றாம் வருடம் முடிந்ததும், அந்தப் பாதிப் பட்டத்தைக் கேட்கக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனான். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தம்பி, இது சேர்த்துப் போட்ட படிப்பு. நாலு வருஷமும் முடிச்சா ரெண்டும் உண்டு. நடுவுல இறங்கினா ரெண்டும் கிடையாது."

"வணிகவியல் பேப்பர் எல்லாம் பாஸ் பண்ணிட்டேன் சார்."

"பண்ணியிருக்கீங்க, சந்தோஷம். அடுத்து யாருப்பா?"

வெளியே வந்ததும் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்தது இரும்பு. "பத்தவெச்சதைக் கழட்ட முடியாதுடா. அறுக்கத்தான் முடியும். அறுத்தா ரெண்டு துண்டும் வீண்" என்றேன். ஆறுதல் சொல்கிற லட்சணம் எனக்கு அவ்வளவுதான்.

நாலாம் வருடம் பதினாறு வாரம் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்திப் பழக வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் பாடக்குறிப்பு எழுத வேண்டும். தினமும் சாயங்காலம் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவான். இடது பக்கக் கட்டத்தில் ஆசிரியர் என்ன சொல்வார் என்பது. வலது பக்கக் கட்டத்தில் மாணவர் என்ன சொல்வார் என்பது. ஓரத்தில் எத்தனையாவது நிமிடம் என்பது.

"புள்ளைங்க என்ன சொல்லும்னு நீ எப்படிடா முன்னாடியே எழுதற?"

"எழுதணும் மாமா. எழுதலன்னா கையெழுத்துப் போட மாட்டாங்க."

"வேற ஏதாவது சொல்லிட்டா?"

"சொல்லக் கூடாது."

கடைசியில் பரீட்சைப் பாடம். கல்லூரியிலிருந்து மேற்பார்வை அம்மா வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அதில் தேறினால்தான் பட்டம், தேறாதவரை நாலு வருடமும் வீண்.

அந்த நாளன்று நானும் அங்கே இருந்தேன். அவன்தான் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை வாங்கிக் கொடுத்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் ஒரு ஜன்னல் கம்பி பெயர்ந்து, பையன்கள் அது வழியாகக் குதித்து ஓடுகிறார்கள் என்று சரிசெய்யச் சொன்னார்கள். புது கிரில்லைச் சாய்த்து வைத்து வேலையை ஆரம்பிக்கும்போது தலைமையாசிரியை வந்தார். "நாற்பது நிமிஷம் சத்தம் வேண்டாம், உள்ளே பரீட்சை நடக்குது" என்றார். கம்பியில்லாத அந்த ஜன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே மச்சான். முழுக்கைச் சட்டை, கையில் சாக்பீஸ், கழுத்தெல்லாம் வேர்வை.

"நேத்து உங்கள்ல யாராவது கடைக்குப் போனீங்களா?" என்று ஆரம்பித்தான்.

மொத்த வகுப்பும் ஒரே குரலில், "போனோம் சார்! பேனா வாங்கினோம் சார்! அதுக்குப் பேர் தேவை சார்!"

அவன் விழித்தான். இதெல்லாம் ஆறாவது நிமிடத்தில் வர வேண்டியது.

"விலை ஏறினா..."

"தேவை குறையும் சார்!"

கரும்பலகைப் பக்கம் திரும்பினான். முன் பெஞ்சுப் பையன் ஒருவன் உதவிக்கு வந்தான். "சார், கோடு மேல இருந்து கீழ இறங்கணும். போன வாரம் வந்த சார் தப்பாப் போட்டு அழிச்சாரு."

இன்னொருவன், "இப்ப 'ஏன் இறங்குது'ன்னு எங்ககிட்ட கேக்கணும் சார்."

பதினாறு வாரமும் அவன் பழகியது வேறு வகுப்புகளில், விஷயம் பிறகுதான் தெரிந்தது. அந்த மாதம் மட்டும் அவனுக்கு முன்னால் மூன்று பயிற்சி ஆசிரியர்கள் அதே வகுப்பில், அதே தேவையும் அளிப்பும் பாடத்தை, கல்லூரி எல்லோருக்கும் கொடுத்த மாதிரிப் பாடக்குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து நடத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வலது பக்கக் கட்டம் மனப்பாடம். நல்ல பிள்ளைகள்தான். பாவம், சார் எப்படியாவது தேறட்டும் என்றுதான் அவ்வளவு அவசரம்.

நாற்பது நிமிடப் பாடம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. மச்சான் சாக்பீஸை மேசையில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். கதவுப் பக்கம் பார்த்தான், அங்கே மேற்பார்வை அம்மாவின் நாற்காலி. என் ஜன்னலைப் பார்த்தான். நான் மட்டும் வழியில் உட்கார்ந்திருக்காவிட்டால் அன்றைக்கு அவனும் குதித்திருப்பான், சத்தியமாக.

இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தது. "சார், நீங்க இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"பைக்கடை வெச்சிருந்தேன்."

"இப்ப இல்லையா?"

"மூடிட்டேன்."

"ஏன் சார் மூடுச்சு?"

"பஸ் நிறுத்தத்தை..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "அது இல்ல. பஸ் நிறுத்தம் மாறினது, கடை மூடி ரெண்டு மாசம் கழிச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எனக்குக் கறுப்புதான் பிடிக்கும். அதனால எல்லாமே கறுப்பு வாங்கினேன். வர்ற புள்ளைங்க எல்லாம் சிவப்பு இருக்கா, பூப் போட்டது இருக்கான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அடுத்த தடவை சரக்கு எடுக்கப் போனப்பவும் கறுப்பேதான் எடுத்தேன்."

"அவங்கதான் கேட்டாங்கல்ல சார்?"

"கேட்டாங்க. பை எப்படி இருக்கணும்னு எனக்குத்தான் தெரியும்னு நினைச்சேன்."

அந்தப் பெண் தன் பையைத் தூக்கிக் காட்டியது. "எங்க வீட்டுலயும் கறுப்புதான் சார் வாங்கிக் குடுத்தாங்க. எனக்குப் பிடிக்கவே இல்ல."

"நல்லா பாரு, என் கடைப் பையா இருக்கப் போகுது" என்றான். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள், எங்க அப்பா கடையில் இப்படி, எங்க சித்தி கடையில் அப்படி என்று. மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மேற்பார்வை அம்மா எழுதிக் கொடுத்தது மூன்றே வரி. பாடக்குறிப்பிலிருந்து விலகல். விடைகள் முன்கூட்டியே சொல்லித்தரப்பட்டதாகச் சந்தேகம். அடுத்த பருவத்தில் மீண்டும் நடத்துக.

"நான் சொல்லித்தரல, மாதிரிப் புத்தகம்தான் காரணம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து அட்டையைக் காட்டினான். தொகுத்தவர் என்ற இடத்தில் அந்த அம்மாவின் பெயர்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பட்டறைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான்.

"விட்டுடறேன் மாமா. என்னைப் பட்டறையில சேர்த்துக்குங்க. மூலையில உட்கார்ந்து அரம் வெச்சுக் கம்பி ராவிட்டுக் கிடக்கறேன்."

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது ஓர் ஆள் தேவைதான். வாடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "தெருவே உன்னை வாத்தியார்னு கூப்பிடுது. நாளைக்கு இரும்புத்தூளோட வெளியே போனா என்ன பதில் சொல்லுவ? இன்னும் ஒரு தடவைதானே, நின்னுட்டு வாடா."

அவன் குழாயை இறுக்கி மூடிவிட்டு உள்ளே போனான். பஸ் நிறுத்தத்தைப் பற்றி அவன் அக்காவிடம் நான் இன்றுவரை மூச்சு விடவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால்தான் உண்டு.

மறுநாள் போய் அந்த ஜன்னலை அடைத்தேன். உறுதியான வேலை. இப்போது ஒருவனும் குதிக்க முடியாது.

மூன்று மாதம் கழித்துப் புதுப் பாடக்குறிப்பு எழுதினான். அதே வகுப்பு, அதே பாடம். எட்டிப் பார்த்தேன். வலது பக்கக் கட்டத்தில், இருபத்தொன்றாம் நிமிடம் என்று போட்டு, 'மாணவி: சார், உங்கள் கடை ஏன் மூடியது?' என்று எழுதியிருந்தது.

"டேய், அந்தப் புள்ள கேக்கலன்னா?"

"கேக்கும் மாமா. போன வாரம் புதுசாப் பயிற்சிக்கு வந்த டீச்சர்கிட்டயே கேட்டுட்டாங்களாம்."

"அந்த டீச்சர் என்ன சொல்லுச்சு?"

"'நான் கடையே வெக்கலையே'ன்னு முழிச்சிருக்கு. 'வெச்சதாச் சொல்லுங்க டீச்சர், அடுத்து அதுதான் வரும்'னு புள்ளைங்க எடுத்துக் குடுத்திருக்காங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவன் சிரிக்காமல் அடுத்த கட்டத்துக்குக் கோடு போட்டான்.

இந்த முறை தேறிவிட்டான். இருபத்தொன்றாம் நிமிடத்தில் அந்தப் பெண் எழுந்து கேட்டதாம். இவன் தரையைப் பார்த்தானாம், அதற்கும் குறிப்பில் அரை நிமிடம் ஒதுக்கியிருந்தானாம். 'மாணவர் பங்கேற்பு மிக இயல்பு' என்று மேற்பார்வை அம்மா எழுதினார். தலைமையாசிரியை அந்தக் கையோடு அவனைக் கூப்பிட்டு, அதே பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்தார். என் மனைவி தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "அவர் என்னைக்கோ வாத்தியார் ஆகிட்டாரேம்மா" என்றார் சலூன்காரர்.

இப்போது ஆறு வருடம் ஓடிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு, நாலு பிரிவு. ஒவ்வொரு வருடமும் தேவையும் அளிப்பும் பாடம் வரும்போது, அண்ணன் அக்கா சொல்லிக் கேட்டுவிட்டு வந்த பிள்ளைகள், அவன் வாசல்படி ஏறும்போதே ஆரம்பித்துவிடும். "சார், உங்க கடை ஏன் மூடுச்சு?"

போன வாரம் காலையில் பட்டறைக்கு வந்தான். தலை லேசாக நரைத்திருந்தது. ஆணியிலிருந்து பையை இறக்கி, ராடுகளை எடுத்துத் தரையில் அடுக்கினான்.

"என்னடா பண்ற?"

"மேசையில வெச்சுக் காட்டணும் மாமா. வீட்டுல இருந்த பையெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு."

"இதுல மட்டும் என்ன வாழுது, ஒரே துரு."

"பரவாயில்ல. கறுப்பா இருந்தாப் போதும்."

"புள்ளைங்க நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க. நான் எந்த இடத்துல தரையைப் பார்ப்பேன்கறதுகூடத் தெரியும்." பையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினான். "நிஜமாச் சொன்னது அந்த ஒரு தடவைதான் மாமா. அதுக்குத்தான் பெயில் போட்டாங்க."

நான் தரையில் கிடந்த ராடுகளை மற்றப் பையில் எடுத்துப் போட ஆரம்பித்தேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசலில் யாரோ வாத்தியாரே என்று கூப்பிட, இவன் வரேங்க என்று பதில் சொன்னது கேட்டது. எட்டே முக்காலுக்கு முதல் மணி. அன்றைக்கு ஆ பிரிவு.