மாத்திரையை நிறுத்திய மாதங்கள்

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் எனக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. மூலம் என்று நினைத்து ஒரு வருடத்தை வீணாக்கினேன். பிறகு மதுரையில் ஒரு டாக்டர் டியூப் விட்டுப் பார்த்து, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார். பெரிய மஞ்சள் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அவ்வப்போது ரத்தம் சோதிக்க வேண்டும்.

"நல்லாயிருச்சுன்னு நீங்களா நிறுத்திராதீங்க. எங்கிட்டக் கேக்காம வலி மாத்திரை எதுவும் போடாதீங்க" என்றார்.

சொன்னபடி இருந்தேன். ரத்தம் நின்றது. சுந்தரபாண்டியத்தில் பெண் பார்த்துக் கல்யாணமும் ஆனது.

ஐந்து வருடம் குழந்தை இல்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் என் அம்மா அவர்கள் காதுபடவே சொல்வாள்: "ஏட்டி, வந்தவுகளுக்குக் காப்பி போடு. அதாச்சும் உன்னால ஆவுதான்னு பாப்போம்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மனைவிக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கும் சோதனை செய்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டார்.

"இந்த மாத்திரை சில ஆம்பளைகளுக்கு உயிரணுவைக் கொறைச்சிரும். மருந்தை மாத்தினா கொஞ்ச மாசத்துல சரியாயிரும். ஆனா நீங்களா நிறுத்தக் கூடாது. மதுரை டாக்டரைப் போய்ப் பாருங்க."

வெளியே மனைவி எழுந்து நின்றாள். "என்ன சொன்னாங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையாம்" என்றேன்.

குறை என் பக்கம் என்பது வாயில் வரவில்லை. மதுரைக்குப் போனால் அவளும் கூடவே வருவாள், விஷயம் தெரிந்துவிடும். நான் போகவில்லை. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினேன்.

இரண்டு மாதம் ஒன்றுமில்லை. மூன்றாம் மாதம் ரத்தம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதோடு சேர்ந்து முழங்கால்களும் வீங்கி, மெஷின் முன்னால் நிற்க முடியாமல் போயிற்று. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்து நாளில் குடல் கிழிந்ததுபோல் ஆனது. ஒரு மத்தியானம் மில் கக்கூஸிலேயே விழுந்து கிடந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் வேனில் தூக்கிப் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

ஊசி மருந்துகள் எதுவும் கேட்கவில்லை. பெருங்குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டுப் பை மாட்டினார்கள்.

மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று அதே டாக்டர் கேட்டார். சொன்னேன். மனைவி பிளாஸ்க்கோடு பக்கத்தில்தான் நின்றாள்.

"இதுக்கா? இப்ப வேற மாத்திரை வந்திருக்கே. அதுல இந்தத் தொந்தரவு கிடையாது. ஒரு நடை வந்திருந்தா மாத்திக் கொடுத்திருப்பேனே" என்றார் அவர்.

அவர் போனதும் அவள் பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "அத்தை அப்பிடிப் பேசுறப்பல்லாம் நீங்க தெரிஞ்சிருந்துமா சும்மா இருந்தீங்க?"

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், "இவ வந்த நேரம், எம்புள்ள வயித்த அறுத்துப்புட்டாக" என்று அம்மா அழுதாள். என் பையைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.