ஈரிழைத் துண்டும் அரை டஜன் கைக்குட்டையும்

போன வெள்ளிக்கிழமை காலை, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒரு கைக்குட்டை என் மானத்தை வாங்கிவிட்டது.

கைக்குட்டைக்கு அவ்வளவு சக்தியா? உண்டு. வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் நீலக் கோடு போட்டு, மூலையில் ஓர் ஆங்கில எழுத்துப் பின்னியது. அரை டஜன் ஒரு டப்பா. அந்த எழுத்து என் பெயரில் எங்கேயும் இல்லை... தள்ளுபடியில் வந்த டப்பா. வாங்கித் தந்தவள் என் மனைவி காந்திமதி.

அதுவரை என் தோளில் இருந்தது ஒரு ஈரிழைத் துண்டு. சிவப்புக் கரை. ஆபீஸ் நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான் வேட்டி, துண்டு ஆசாமி. டவுண் ரத வீதிகளில் என்னைத் தெரிந்தவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் துண்டைத்தான் பார்ப்பார்கள். முகத்தைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு ஏதுமில்லை என்பதால் அந்த ஏற்பாடு வசதியாகவே இருந்தது.

அந்தத் துண்டுக்கு எமன் ஒரு கல்யாணப் பந்தியில் வந்தான்.

பாளையங்கோட்டையில் காந்திமதியின் சிநேகிதி வீட்டுக் கல்யாணம். சாப்பிட இடம் தேடிப் பந்தி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். தோளில் துண்டு. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார்.

"என்னவே, வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கீரு? ரசம் கொண்டாரும்" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'ஐயா, நான் விருந்தாளி. வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிறவன்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவர், 'அதுக்கென்ன, எழுதிட்டு ரசத்தக் கொண்டாரும்' என்றிருப்பார். ஆகவே பக்கத்தில் இருந்த வாளியை எடுத்து ஊற்றினேன். ஒருவருக்கு ஊற்றினால் அடுத்த இலைக்காரர் சும்மா இருப்பாரா? வரிசை முழுக்க ஊற்றினேன். நன்றாகவே ஊற்றினேன் — ஒரு சொட்டு இலையைத் தாண்டவில்லை. கடைசி இலைக்கு ஊற்றிவிட்டு நிமிர்ந்தால்... எதிரே காந்திமதி. அது அவளுடைய இலை.

அவள் ரசஞ்சாதத்தைச் சாப்பிட்டு முடித்து இலையை மூடினாள். மறுநாள் டப்பா வந்தது.

"இனிமே இதுதான். வந்த ஆளா, வேலையாளான்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்கு" என்றாள்.

"துண்டு?"

"அது அடுப்படிக்குப் போயாச்சு. சோத்துப்பானை இறக்கக் கைப்பிடித்துணி இல்லாமக் கெடந்துது."

மேல்முறையீட்டுக்கு எங்கள் வீட்டில் கோர்ட் கிடையாது.

கைக்குட்டைமேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஏதுமில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? முகத்தைத் துடைத்தால் நெற்றியோடு முடிந்துவிடுகிறது. கழுத்துக்கு இன்னொன்று வேண்டும். வெயிலுக்குத் தலையில் போட்டால் என் வழுக்கைக்கே பத்தவில்லை. துக்க வீட்டில் அழுதால் ஒரு கண்ணுக்குத்தான் போதும். மூக்கைச் சிந்தி, சிந்தியதை நாலாக மடித்து, பையில் பத்திரமாக வைத்து ஊரெல்லாம் சுமப்பதற்கு நாகரிகம் என்று முதலில் பெயர் வைத்த புண்ணியவானைப் பார்க்க வேண்டும்.

துண்டு அப்படியா? ஆற்றில் குளித்தால் துவட்டும். கரையில் விரித்தால் பாய், சுருட்டினால் தலையணை. சந்தையில் முருங்கைக்காயைக் கட்டலாம். தூரத்தில் வருகிற பஸ்ஸை வீசி நிறுத்தலாம். பிடிக்காத ஆள் எதிரே வந்தால், முகம் துடைக்கிற பாவனையிலேயே ஒரு தெருவைக் கடந்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே — பஸ்ஸில் சீட் பிடிக்கலாம்.

பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு உள்ளே போய் சீட்டில் விழுந்துவிட்டால், அந்த இடம் ரிஜிஸ்டர் ஆன மாதிரி. பிறகு ஆற அமர, இறங்குகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு, ராஜா மாதிரி ஏறலாம். துண்டு யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவரும் தொட மாட்டார்கள். ஊர்ச் சண்டியர்கூட, 'ஆள் வருது போல' என்று தள்ளிப் போய்விடுவார். மனிதனுக்கு மனிதன் காட்டாத மரியாதையைத் துண்டுக்குக் காட்டுகிற சீமை இது.

சென்னையில் கைக்குட்டை போட்டே சீட் பிடிக்கிறார்கள் என்று கேள்வி. இருக்கலாம். அங்கே காற்று வேறு.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

காந்திமதிக்கு ஒரே அண்ணன். முக்கூடலில் விவசாயம். இரண்டு பேருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. காரணம்? அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போயிற்று. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. என் பெயர் அச்சில் வருவது வாரா வாரம் நடக்கிற விபத்து. ஒரு இடத்தில் தப்பினால் நல்லதுதானே? ஆனால் காந்திமதி அந்தப் பத்திரிகையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். "வீட்டு மாப்பிள்ளை பேரு கூடவா மறந்துபோவும்?" கல்யாணத்துக்குப் போனோம். தாலி கட்டியதும் சாப்பிடாமல் திரும்பினோம். ரோஷம் அவளுக்கு, பட்டினி எனக்கு. அன்றைக்கு அந்த அவியல் வாசனை இருக்கிறதே... சரி, வேண்டாம்.

இப்போது அண்ணன் புது வீடு கட்டியிருக்கிறார். பால் காய்ச்சுக்கு அழைக்க அவரே நேரில் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தங்கையைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துப் பேசினார்.

"வெளக்கு நீதான் வந்து ஏத்தணும். வீட்டுல பொறந்த பிள்ள நீ இருக்கும்போது நான் வேற யாரைக் கூப்பிட?"

காந்திமதி காபி கொடுத்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்டபோதெல்லாம், "பாப்போம்." ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் ரத வீதிப் பாத்திரக் கடைக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வாங்கி வந்தாள். அதை ஏதோ துணியில் சுற்றிப் பெரிய பையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நிபந்தனை வந்தது.

"முழங்கால் வலியோட நின்னுக்கிட்டு வர எனக்கு ஆவாது. பஸ்ல சீட் கிடைச்சாப் போவோம். கிடைக்கலன்னா வீட்டுக்குத் திரும்பிருவோம். அதுக்கு மேல என்னைய வற்புறுத்தப்பிடாது."

முழங்கால் வலி நிஜம். அண்ணன் வீடு என்றதும் அது கொஞ்சம் கூடுதலாக வலிக்கும் என்பதும் நிஜம். ஆக, மூன்று வருஷச் சண்டை தீருவதும் தீராததும் இப்போது ஒரு பஸ் சீட்டில் வந்து நின்றது. அந்தச் சீட் என் கையில். என் கையில் ஒரு கைக்குட்டை.

டவுணில் ஏறினால் உட்கார இடமே கிடைக்காது என்று, எதிர்த் திசையில், பஸ் கிளம்புகிற ஜங்ஷனுக்கே போய்விட்டோம். முகூர்த்த நாள். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஊரே பஸ் ஸ்டாண்டில் நின்றது.

முதல் பஸ் வளைந்து உள்ளே வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினேன். எனக்கு இதில் அனுபவம் உண்டு. குறி பார்த்து, ஜன்னலுக்குள் வீசினேன். துண்டாயிருந்தால் கல் மாதிரிப் போயிருக்கும். கைக்குட்டை காற்றில் விரிந்தது. யோசித்தது. திரும்பி வந்து என் முகத்திலேயே விழுந்தது. அதை எடுத்துவிட்டுப் பார்ப்பதற்குள் பஸ் நிறைந்துவிட்டது.

இரண்டாவது பஸ்ஸில் வீசவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்து எம்பி, கையை உள்ளே விட்டு, சீட்டின் நட்டநடுவே பரப்பி வைத்தேன். வெற்றி. காந்திமதியை வாசல் பக்கம் நிறுத்திவிட்டு முண்டியடித்து ஏறிப் போனால்... சீட்டில் ஓர் ஆஜானுபாகுவான மீசைக்காரர்.

"அண்ணாச்சி, இது நான் பிடிச்ச இடம்" என்றேன்.

"எதப் போட்டுப் பிடிச்சீரு?"

"கைக்குட்டை போட்டிருந்தேனே."

"இதுவா?" என்று அழுக்காக எதையோ இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "எவனோ சீட்டத் துடைச்சிட்டுப் போட்டுட்டுப் போயிருக்கான்னுல்லா நெனச்சேன். நானும் ஒருக்க துடைச்சேன். ஒரே தூசி, பாத்துக்கிடும்."

"இல்ல, அது..."

"ஒரு துண்டு கெடந்தா நான் ஏன்வே உக்காருதேன்? இத வச்சு என்னத்தக் கண்டுபிடிக்க?"

பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "அடுத்த தடவ பஸ் டிக்கெட்டப் போட்டு எடம் பிடியும்வே. அது இதைவிடப் பெருசா இருக்கும்."

பஸ்ஸே சிரித்தது. கைக்குட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

காந்திமதி சிரிக்கவில்லை. "அப்போ போவோமா?" என்றாள். முக்கூடலுக்கு இல்லை, வீட்டுக்கு. அவள் முகத்தில் நிம்மதி தெரிந்ததா, வருத்தம் தெரிந்ததா? இத்தனை வருஷம் அந்த முகத்தைப் பார்த்தவன்... எனக்குத் தெரியவில்லை.

"இன்னும் ஒரு பஸ் இருக்கு. அதப் பிடிச்சாலும் நேரத்துக்குப் போயிரலாம்."

"அதுலயும் இந்தக் கைக்குட்டையத்தான போடப் போறீங்க?"

நியாயமான கேள்வி. மைத்துனரிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மூன்றாவது பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்தது. கூட்டம் எழுந்தது. நான் நகரவில்லை.

காந்திமதி பையைக் கீழே வைத்தாள். குத்துவிளக்கை வெளியே இழுத்தாள். சுற்றியிருந்த துணியை ஒரே உருவாக உருவினாள். "பிடிங்க" என்று விளக்கை என் கையில் திணித்தாள். அவள் கையில் அந்தத் துணி விரிந்தபோதுதான் பார்த்தேன்.

சிவப்புக் கரை.

முழங்கால் வலிக்காரி விறுவிறுவென்று போனாள். துண்டைக் கையில் சுருட்டினாள். பஸ் இன்னும் நிற்கவில்லை. ஒரே வீச்சு — ஜன்னலுக்குள் போய், இரண்டு பேர் உட்காருகிற சீட்டில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அளந்து விரித்தது போல் விழுந்தது. முக்கூடலிலிருந்து பாளையங்கோட்டைக் காலேஜுக்குத் தினமும் பஸ்ஸில் வந்து படித்தவள் இவள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் வித்தை தெரிந்தவள் முன்னால் நான் வித்தை காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நானோ குத்துவிளக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பஸ்ஸுக்கு எதிரே நின்றேன். இறங்கிய ஒருவர், "என்ன அண்ணாச்சி, பஸ்ஸுக்குப் பூசையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆற அமரத்தான் ஏறினோம். உள்ளே நெரிசல். நடுவில் அந்த ஒரு சீட் மட்டும் காலியாக இருந்தது. அதன் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றார். "துண்டு கெடக்குல்லா, ஆள் வருதுன்னு நாலு பேர்ட்ட சொல்லிட்டேன். உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்ததும் கேட்டேன். "அடுப்படிக்குப் போச்சுன்னு சொன்னே?"

"போச்சுதான். வெளக்குல கீறல் விழுந்திரக்கூடாதுன்னு எடுத்துச் சுத்துனேன்."

"சரி, எதுக்கு எறிஞ்சே? சீட் கிடைக்கலன்னா திரும்பிருவோம்னு நீதானே..."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் பேட்டையைத் தாண்டியது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணன் வாசல்லயே நிப்பான். எனக்குத் தெரியும். காலேஜ் விட்டு நான் வந்து இறங்குதவரைக்கும் பஸ் ஸ்டாப்ல அப்படித்தான் நிப்பான்."

புதுச் சாமான்கள் கௌரவமானவை. எந்த வேலைக்கு வாங்கினோமோ அந்த வேலையை மட்டும் செய்யும். வேறு எதற்காவது கூப்பிட்டால், 'அது என் டிபார்ட்மெண்ட் இல்லை' என்று மடிப்புக் கலையாமல் இருக்கும். பழைய துண்டுக்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது. தோளிலிருந்து இறக்கி அடுப்படிக்கு அனுப்பினால் பானை இறக்கும். விளக்கில் சுற்றினால் சுற்றிக்கொண்டு கிடக்கும். வேண்டும்போது ஜன்னல் வழியே பறக்கும். ரோஷத்தை விடுவதற்கு அதனிடம் ட்யூஷன் படிக்கலாம்.

முக்கூடலில் புது வீட்டு வாசலில் மைத்துனர் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு. அதைச் சொல்லவும் வேண்டுமா?

"ஏட்டி, வந்துட்டியா" என்றார்.

"பஸ்ல சீட் கிடைச்சுது. வந்தோம்" என்றாள்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு முகம் பார்த்து அவ்வளவுதான் பேச்சு. விளக்கை அவர் வாங்கப் போனார், அவள் கொடுக்கவில்லை. தானே உள்ளே கொண்டுபோனாள். கை காலியாக வேண்டும் என்று போகிற போக்கில் துண்டை என் தோளில் போட்டாள். மறந்து போட்டாளா, தெரிந்து போட்டாளா? நான் கேட்கவில்லை. கிடைத்ததைக் காரணம் கேட்காமல் வைத்துக்கொள்வது என் கொள்கை.

விளக்கு எரிந்தது. பால் பொங்கியது. இலை போட்டார்கள். அவியல் வாசனை வந்தது. மூன்று வருஷ பாக்கி. இடம் தேடிப் பந்தி ஓரமாக நின்றேன்.

இலைக்கு முன்னால் இருந்த ஒருவர் என்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சும்மாதான நிக்கீரு? இங்கன கொஞ்சம் ரசம்."

அந்தப் பக்கம் அப்பளம் வைத்துக்கொண்டிருந்த காந்திமதியைப் பார்த்தேன். அவள் காதிலும் விழுந்திருந்தது.

"என்னைய எதுக்குப் பாக்கீங்க? போய் ஊத்துங்க. நம்ம வீட்டு விசேஷம்லா" என்றாள்.

ஊற்றினேன். வரிசை முழுக்க ஊற்றினேன்.

கைக்குட்டையையும் இனி ஒரேயடியாகக் குறை சொல்லமாட்டேன். ரச வாளியின் கைப்பிடி நல்ல சூடு — அதைப் பிடித்துத் தூக்க, அந்தச் சைஸ்தான் சரியாக இருந்தது.