மொக்கம்மாளின் ஜீப்பும் ஏழு ரூபாயும்

சிலமலை மொக்கம்மாளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் 2022 ஆகஸ்டு 19, வெள்ளிக்கிழமை முதல் ஒரு ஜீப்பு அவள் பெயரில் இருக்கிறது. பழைய வண்டிதான். விலை 2,85,000 ரூபாய். இரண்டு ஏலச்சீட்டு எடுத்த பணமும், ஒரு சங்கிலியை விற்ற பணமும் அதில் போயின.

அவளுக்கு இப்போது நாற்பத்தேழு வயது. இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரர் மலையில் ஏலக்காய் ஸ்டோரில் காவல். மாதம் இரண்டு முறை இறங்கி வருவார். மொக்கம்மாள் தினமும் பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போய்த் திரும்புகிறவள். முன்பெல்லாம் அடுத்தவர் ஜீப்பில் போனாள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேரை ஏற்றுவார்கள். ஏற்றுகிற வரிசையில் இவள் கடைசி. ஆகவே அவளுக்குக் கிடைப்பது சீட்டு அல்ல, இன்னொருத்தியின் மடி.

"பதினாறு வருசம் மடியிலயே மலை ஏறிருக்கேன் சித்தப்பா. எம்புள்ளைக கூட அம்புட்டு நாளு எம்மடியில இருந்ததில்ல" என்று என்னிடம் சொல்வாள்.

வண்டி வாங்கிய அன்றே ஒரு சட்டம் போட்டாள். அவளோடு சேர்த்துப் பத்துப் பெண்கள். பதினோராவது ஆளாகக் கலெக்டரே வந்தாலும் கீழே நிற்க வேண்டியதுதான்.

ஓட்டுவது அவள் தம்பி கோட்டைச்சாமி. எஸ்டேட்டில் ஒரு டிரிப்புக்கு 1,700 ரூபாய் வாடகை தருகிறார்கள். போக வர 88 கிலோமீட்டர், டீசல் 744. கோட்டைச்சாமிக்குச் சம்பளம் 700. மீதி 256. ஞாயிற்றுக்கிழமை காலையில் மொக்கம்மாள் அந்த வாரத்து ரசீதுகளை ஒரு பால் கவரில் போட்டுக்கொண்டு என்னிடம் வருவாள். நான் ஏலக்காய்க் கடையில் முப்பத்தொன்பது வருஷம் எடை எழுதியவன். அவளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தேன்.

2025 மார்ச் 2-ஆம் தேதி அவள் கவர் இல்லாமல் வந்தாள்.

"தேவாரத்துலருந்து ஒரு ஆளு வந்து வண்டியப் பாத்துட்டுப் போனாரு. ரெண்டு முப்பது தர்றேங்குறாரு. குடுத்துரவா சித்தப்பா?"

காரணம் எனக்குத் தெரியும். ஜூன் 9-ஆம் தேதிக்குள் வண்டிக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும். இன்சூரன்ஸ், வரி, பெயிண்டு, எல்லாம் சேர்த்து 25,200. அவள் வீட்டு அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னில் 12,800தான் இருந்தது. போன வருஷம் இதே செலவுக்குத் தோட்டை விற்றிருந்தாள். இந்த வருஷம் விற்கக் காதில் எதுவும் இல்லை.

நோட்டை எடுத்து உண்மையைச் சொன்னேன். தினம் மிஞ்சுகிற 256 மிச்சமே அல்ல. தினமும் கேட்காத செலவுகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. வருஷத்துக்கு 240 டிரிப்பு. டயருக்கு டிரிப்புக்கு 70 ரூபாய் தேய்கிறது. ஆயில் மாற்றுவதற்கு 45. பேப்பர் வேலைகளுக்கு 105. பிரேக்குக்கு 96. மொத்தம் 316. ஒவ்வொரு முறை மலை ஏறி இறங்கும்போதும் அவள் கையிலிருந்து 60 ரூபாய் போகிறது.

"வித்துரு ஆத்தா. கணக்கு அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

அவள் எழுந்து போகவில்லை. "பிரேக்குக்குத் தொண்ணூத்தாறா? டயர விடக் கூடவா?" என்று கேட்டாள்.

"நாப்பத்தெட்டு டிரிப்புக்கு ஒருக்க லைனிங் மாத்துறோம். ஒவ்வொரு தடவையும் 4,608 ஆகுது."

"பேச்சிமுத்தண்ணே ஓட்டுனப்ப மாத்தலையே. கழட்டிப் பாத்த கூலி முன்னூத்தம்பதுதான குடுத்தேன்?"

பக்கங்களைப் புரட்டினேன். கோட்டைச்சாமிக்கு மணிக்கட்டு ஒடிந்திருந்த சமயம், 2024 அக்டோபர் 21 முதல் ஐம்பத்தாறு டிரிப்பு, எஸ்டேட் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற பேச்சிமுத்து ஓட்டியிருக்கிறார். நாற்பத்தெட்டாவது டிரிப்பில் வழக்கம்போல் பட்டறையில் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறார்கள். என் கையெழுத்திலேயே இருந்தது: "லைனிங் கால்வாசியே தேய்வு. மீண்டும் மாட்டியது. கூலி 350." சராசரி போட்டபோது, இது வழக்கத்துக்கு மாறானது என்று அந்த வரியை நானே விட்டுவிட்டிருந்தேன். எழுதி வைத்தேனே தவிர, படித்துப் பார்க்கவில்லை.

"அப்ப எறங்கயில தீஞ்ச நாத்தமும் வரல சித்தப்பா. இவன் ஓட்டுனா ஒம்பதாவது கொண்டை ஊசியிலயே பொம்பளைக முந்தானைய மூக்குல பொத்திக்கிருவோம்."

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. போடி ஸ்டாண்டில் ஜீப்பு ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. மலை மேட்டில் வண்டியை நியூட்ரலில் தள்ளிவிட்டால் அடிவாரத்து முந்தல் செக்போஸ்டு வரை டீசல் குடிக்காமல் உருட்டிக்கொண்டு வருவது. பதினேழு வளைவிலும் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக்கு ஒன்றுதான். அதில் கோட்டைச்சாமி பேர் போனவன். பேச்சிமுத்து இரண்டாவது கியரில் இறங்குவார்; எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அவருக்கு ஸ்டாண்டில் வைத்திருக்கும் பெயர் மாட்டுவண்டி.

டீசல் பக்கத்தைப் பார்த்தேன். பேச்சிமுத்துவின் நாட்களில் டிரிப்புக்கு 749. ஐந்து ரூபாய்தான் கூடுதல். அந்த ஐந்து ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் கோட்டைச்சாமி எழுபத்திரண்டு ரூபாய்க்கு லைனிங்கைத் தீய்த்துக்கொண்டிருந்தான்.

அவனைக் கூப்பிட்டு விட்டாள். கைலியை மடித்துக் கட்டியபடி வந்தான்.

"நாளையிலருந்து ரெண்டாவது கியர்லதான் எறங்கணும்" என்றாள்.

"அக்கா, விளையாடுறியா? அரை மணி நேரம் லேட்டாகும். ஸ்டாண்டுல சிரிப்பானுங்க."

"சிரிக்கிறவன் எவனாச்சும் ஒனக்கு லைனிங் வாங்கித் தர்றானா?"

"டீசலு கூடக் குடிக்கும்க்கா."

"அஞ்சு ரூவாக்கிக் குடிக்கும். சித்தப்பா எழுதி வச்சிருக்காரு. நீ ஸ்டாண்டுல மீசைய முறுக்கு, வேணாங்கல. மலையில முறுக்காத."

அவன் என்னைப் பார்த்தான். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் வாசித்தான். "அப்ப வண்டிய விக்கலையா?" என்று மட்டும் கேட்டான். விற்றால் அவனுக்கும் வேலை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புதுக்கணக்குப் போட்டேன். பிரேக்கு 96-லிருந்து 24 ஆகிறது. ஒதுக்க வேண்டியது 244. கையில் மிஞ்சுவது 251. டிரிப்புக்கு ஏழு ரூபாய் லாபம். இவ்வளவுதானா என்று அவள் சோர்ந்துவிடுவாளோ என்று தயங்கித்தான் சொன்னேன்.

"ஏழு ரூவாயா! அப்ப வண்டி தன் சோத்தத் தானே திங்குதுல்ல? அது போதும் சித்தப்பா. எனக்குச் சம்பளம் காயெடுத்து வருது." தேவாரத்து ஆளுக்கு அங்கேயே போன் போட்டு, தர முடியாது என்றாள்.

மறுநாள் முதல், வாடகை வாங்கியதும் டீசலும் சம்பளமும் போக மீதியை டின்னில் போட்ட பிறகே முகம் கழுவினாள். தோட்டத்தில் வேலை குறைவான மாதங்கள் அவை. ஜூன் 7 வரை 58 டிரிப்புதான் கிடைத்தது. நடுவில் ஒரு முறை ஆயில் மாற்ற 2,700. லைனிங் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்டாண்டில் கோட்டைச்சாமிக்கு முதல் வாரமே சின்ன மாட்டுவண்டி என்று பெயர் வந்துவிட்டது. மூன்றாவது வாரம் இன்னொரு டிரைவர் தனியாகக் கூப்பிட்டு, லைனிங் நிஜமாகவே தாங்குகிறதா என்று கேட்டானாம்.

ஜூன் 7, சனிக்கிழமை சாயங்காலம் டின்னை என் முன்னால் கவிழ்த்தாள். இரண்டு முறை எண்ணினேன். 24,658. இன்னும் 542 வேண்டும்.

மொக்கம்மாள் இடுப்புச் சுருக்குப்பையில் கைவிட்டாள். அதற்குள் கோட்டைச்சாமி சட்டைப் பையிலிருந்து ஏழு நூறு ரூபாய் நோட்டை எடுத்து டின்னில் போட்டான். அன்றைய சம்பளம்.

"எதுக்குடா?"

"போன லைனிங் தீஞ்சதுல எம்பங்கு. பேசாம வச்சுக்க."

அவள் சுருக்குப்பையிலிருந்து கையை எடுத்து, எண்ணிய பணத்தையும் அதன் மேல் போட்டு டின்னை மூடினாள்.

திங்கட்கிழமை எஃப்.சி. கிடைத்தது. சான்றிதழில் இருந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டேன். டின்னில் மீதி 158 ரூபாய். டயருக்கென்று ஒதுக்க வேண்டிய பணமும் இதற்கே போய்விட்டதால், காய் எடுப்பு மும்முரமாகும் மாதங்களில் அதை ஈடுகட்ட வேண்டும் என்றேன். சரி என்று தலையாட்டி, மூன்று பழைய டப்பாக்களைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். டயருக்கு ஒன்று, ஆயிலுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. பேப்பருக்குப் பிஸ்கட் டின் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை, புதுப் பெயிண்டு வாசனையோடு ஜீப்பு தெருமுனையில் நின்றது. பத்துப் பேரும் ஏறினார்கள். மொக்கம்மாள் முன்சீட்டில் தன் இடத்தில் உட்கார்ந்து தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, இன்னைக்குத் தேதியப் போட்டு ஒண்ணுன்னு எழுதிக்கங்க" என்றாள்.

எழுதினேன். 10.6.2025. டிரிப்பு 1.