கல் வர்க்கிக்கு வந்த பாலிசி

குன்னூர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஸ்வெட்டர் கடை மாடியில், ஒரு மேஜை, ஒரு கணினி, ஆடாத நாற்காலி ஒன்று, ஆடுகிற நாற்காலி ஒன்று என்று வைத்துக்கொண்டு கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்துவந்தார் தினகரன். பிறந்து வளர்ந்தது குந்தாவில், மின்வாரியக் குடியிருப்பில். அங்கே ஒருவரைப் பார்த்தால் வணக்கம் சொல்லமாட்டார்கள், "எங்க போயிட்டு வர்றீங்க?" என்பார்கள். பதில் வாங்காமல் விடவும் மாட்டார்கள். முடி கொட்டுகிறதே என்று ஒருமுறை யாருக்கும் தெரியாமல் கூடலூர் போய் வைத்தியரைப் பார்த்துவிட்டு வந்தார் தினகரன். பஸ்ஸிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்ததுமே டீக்கடைக்காரர், "எண்ணெய் குடுத்தாருங்களா, பொடி குடுத்தாருங்களா?" என்றார். முடி திரும்பவில்லை. அந்தக் கேள்வியின் மேல் வெறுப்பு மட்டும் செழித்து வளர்ந்தது.

அதனாலேயே பிறர் ரகசியத்தைப் பூட்டிவைப்பதில் அவருக்கு ஒரு வெறி. ஆறுக்குட்டியும் பங்கஜமும் அவரிடம் வந்து சேர்ந்தது அந்தப் பேரைக் கேட்டுத்தான்.

இருவரும் அண்ணன் தங்கை. அண்ணனுக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டு அருகே, டீயில் முக்கித் தின்னும் மொரமொர பிஸ்கட்டான வர்க்கி விற்கும் கடை. தங்கைக்கு அருவங்காட்டில் வர்க்கிக் கடை. தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் அண்ணன் கொண்டுபோன வர்க்கியைச் சம்பந்தி ஆசையாகக் கடிக்க, அவருடைய பல்செட் இரண்டாகப் பிளந்தது. "மொரமொரப்புன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார் ஆறுக்குட்டி. "அது வர்க்கியில்லீங்ணா, கருங்கல்லு" என்றார் பங்கஜம், சபை நடுவே. இனி உன் கடை வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு அண்ணன் கிளம்பிப் போனவர்தான்.

பங்கஜத்துக்கு இணையதளம் செய்தபோது அவர் ஒரு பக்கம் தனியாகக் கேட்டார். "பல் பத்திரம்! கல் வர்க்கி பார்க்க இங்கே அழுத்தவும்" என்று அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். அழுத்தினால் நேரே ஆறுக்குட்டி கடையின் தளம் திறக்கும். தினகரன் வாயைத் திறக்காமல் செய்து கொடுத்தார். தொழில் தர்மம்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால், "இவர் இன்ன தளத்திலிருந்து வருகிறார்" என்று நாம் இணையம் பார்க்கும் உலாவி நம்மைக் கேட்காமலேயே அங்கே சொல்லிவிடும். அந்தக் கணக்கைத் திங்கட்கிழமைதோறும் ஆறுக்குட்டிக்குப் போனில் வாசித்துக் காட்டுவது தினகரனின் வேலை.

"அருவங்காட்டுக் கடையிலிருந்து அறுபது பேருங்ணா" என்று முதல் வாரம் வாசித்ததும் போனில் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"அம்மிணி எனக்கு ஆள் அனுப்புதா?"

"அப்படித்தானுங்க கணக்குல இருக்குது" என்றார் தினகரன். பொய் இல்லையே.

"நீங்களே அந்தத் தளத்தைத் திறந்து பாருங்களேன்" என்றும் ஒருநாள் மனசாட்சி உறுத்தச் சொல்லிப் பார்த்தார்.

"அதெப்படி? சைட்டும் வாசப்படிதானே? சத்தியம் சத்தியந்தான்."

வருகிற கூட்டமோ, நேரில் வந்து நின்று, "அந்தக் கல் வர்க்கி வேணுமுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டது. வாங்கிக் கவுண்டரில் தட்டிப் பார்த்தது. வீடியோ எடுத்தது. கல் வர்க்கி என்றால் தன் கல்லடுப்பில் சுட்ட வர்க்கி, அந்தப் பெருமையைத் தங்கை ஊரெல்லாம் பரப்புகிறாள் என்று ஆறுக்குட்டி நம்பினார். "கல் வர்க்கி" என்று சிவப்பு எழுத்தில் போர்டும் மாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் உலாவியின் புதிய பதிப்பு வந்தது. அதில், இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லுக்குப் புதிதாக ஒரு பண்பு சேர்த்திருந்தார்கள். பெயர் 'ரெஃபரர்பாலிசி'. இணைப்பில் அதை எழுதி 'நோ ரெஃபரர்' என்று குறித்துவிட்டால் போதும். வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்பதை உலாவி மூச்சு விடாது. படித்ததும் தினகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கீழே ஓடிப்போய் ஸ்வெட்டர் கடைக்காரர் விஜயனிடம் சொன்னார்.

"ரெஃபரர்பாலிசி வந்திருச்சுங்க!"

"ப்ரீமியம் எவ்வளவுங்க? முதிர்வு எப்போ?" என்றார் விஜயன்.

"இன்சூரன்ஸ் இல்லீங்க. இது ஒரு பண்பு."

"பண்புக்கெல்லாமா பாலிசி விக்கறாங்க? காலம் கெட்டுப்போச்சுங்க."

தினகரன் மாடிக்குத் திரும்பி, தான் செய்த தளங்கள் அத்தனையிலும், வெளியே போகும் இணைப்புகள் அத்தனைக்கும் அந்தப் பண்பைச் சேர்த்தார். ஊர்வாயையே அடைத்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை வந்தது.

"எங்கிருந்து வந்தாங்கன்னே தெரியாதவங்க அம்பது பேருங்ணா. அருவங்காட்டிலிருந்து..." என்று இழுத்தவருக்கு, தான் செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது. "யாருமில்லீங்க."

ஆசையாகப் பூட்டியதைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை; அடுத்த வாரமும் யாருமில்லை. அதற்கடுத்த வாரம் ஆறுக்குட்டி மாடியேறி வந்து, ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து ஆடினார்.

"அம்மிணிக்கு என்ற மேல மறுபடியும் கோவம் வந்திருச்சு. ஏன்னு கேக்கோணும். கெளம்பு கண்ணு."

"நான் எதுக்குங்ணா?"

"உள்ள போகமாட்டேன்னு சத்தியம். பேசமாட்டேன்னும் ஒன்னு பண்ணித் தொலைச்சேன். நான் வெளிய நின்னு சொல்றதை நீதான் உள்ள சொல்லோணும்."

அருவங்காட்டில் சாரல். ஆறுக்குட்டி கடைக்கு வெளியே குடை பிடித்து நின்றார். உள்ளே கல்லாவில் பங்கஜம். இடையில் நாலடி தூரம். நடுப்படியில் தினகரன்.

"தினகரா, கேளு. ஆள் அனுப்பறதை ஏன் நிறுத்திப்போட்டான்னு கேளு."

"ஆள் அனுப்பறதை ஏன்..." என்று தினகரன் ஆரம்பிக்க, "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றார் பங்கஜம். "எந்த ஆளு? யாரு அனுப்புனா?"

"வாராவாரம் அறுபது பேரு! எல்லாருக்கும் என்ற கல் வர்க்கியைப் பத்திச் சொல்லியனுப்புனியே, அம்மிணி. போர்டே மாட்டிப்போட்டேன். நேரா பேசிட்டனா? சரி, போகுது. பல்செட்டு விசயத்துல தப்பு என்ற மேலதான். அதுக்குன்னு இப்ப வந்து ஏன் நிறுத்தறே?"

பங்கஜம் தினகரனைப் பார்த்தார். தினகரன் கண்ணாடி ஜாடியிலிருந்த தேங்காய் பிஸ்கட்டை மும்முரமாக ஆராய்ந்தார். பங்கஜத்துக்கு முதலில் சிரிப்பு முட்டியது. குடைக்குள்ளும் நனைந்து நிற்கும் அண்ணனைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"உள்ள வாங்ணா."

"சத்தியம்."

பங்கஜம் ஸ்டூலையும் டீயையும் தூக்கிக்கொண்டு தானே வெளியே போனார். ஆறுக்குட்டி குடையோடு உட்கார்ந்து, தங்கை கடை வர்க்கியை டீயில் முக்கிச் சாப்பிட்டார். "கொஞ்சம் மெதுவா இருக்குது" என்றார், மிகவும் சிரமப்பட்டு மரியாதையாக.

பங்கஜம் உள்ளே வந்து தினகரன் காதருகே சீறினார். "தம்பி, என்ன பண்ணித் தொலைச்சே?"

"புதுசா ஒரு பண்புங்க்கா..."

"உன்ற பண்புல தீயை வெக்க. இன்னைக்கே எடுத்துப்போடு. நான்தான் அனுப்பறேன்னு அவருக்குத் தெரியோணும்."

"அந்தப் பக்கத்தையும் எடுத்துரட்டுங்களா?"

பங்கஜம் வெளியே எட்டிப் பார்த்தார். "பல் பத்திரம்ங்கறதை மட்டும் எடுத்துரு. கல் வர்க்கி இருக்கட்டும். பாவம், போர்டு வேற மாட்டியிருக்குது."

மறுநாள் காலையில் ஆறுக்குட்டி மறுபடி மாடியேறினார். தன் தளத்திலும் ஒரு இணைப்பு வேண்டும், தங்கை கடைக்கு. வர்க்கி மெதுவாக வேண்டும் என்பவர்களெல்லாம் அங்கே போகட்டும்.

"ஆனா நான்தான் அனுப்பறேன்னு அவளுக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா தலையில ஏறி உக்காந்துக்குவா. அதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா, கண்ணு?"

"இருக்குதுங்ணா" என்றார் தினகரன். அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை ஆறுக்குட்டி அதுவரை பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பங்கஜத்திடமிருந்து போன் வந்தது. "தம்பி, கணக்குல நாப்பது பேரு எங்கிருந்து வந்தாங்கன்னே தெரியலைன்னு காட்டுதே. யாரு இவங்கெல்லாம்?"

"எனக்கும் தெரியலீங்க்கா" என்று சொல்லிவிட்டுத் தினகரன் போனை வைத்தார். பிறகு ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, டீ சிந்துவதைக்கூடக் கவனிக்காமல், நெடுநேரம் ஆனந்தமாக ஆடிக்கொண்டிருந்தார்.