யாரும் சாகாத ஒரு காலை

சூசைரட்ணம் வாசித்த எதிலும் வார்த்தை இல்லை. பாட்டாக இருந்தால் அது மாதாவுக்கா, மாரியம்மனுக்கா, கட்சிக்கா என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வெறும் கிட்டார் என்றால் ஆளுக்கொரு சந்தேகம் வரும். முப்பது வருடங்களாக அவருக்கு அதுதான் நடந்தது.

பதினேழு வயதில், ஹட்டனுக்குப் பக்கத்தில் குயில்மலைத் தோட்டத்துச் சின்ன தேவாலயத்தில் காணிக்கைப் பாட்டுக்கு நடுவே கொஞ்சம் தனியாக வாசித்தார். பூசை முடிந்ததும் உபதேசியார் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இது எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே தம்பி?"

"பக்கத்து லயத்துலதாங்க. காமன் கூத்துல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிட்டார் இல்லாமல் பூசை நடந்தது.

அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் ஆட்டத்துக்குப் பைலா. ஏப்ரல் சீசனில் நுவரெலியா ஹோட்டல்களில் பழைய ஆங்கில நடன இசை. ஒரு இசைத்துண்டிலிருந்து இன்னொன்றுக்குச் சொல்லாமல் தாவுவார். நாதஸ்வரம் இழுப்பது போல ஒரு கம்பியை வளைத்துக்கொண்டே போய் ஜாஸில் இறக்குவார். ஆடுகிறவர்கள் கால் தடுமாறி மேடையைப் பார்ப்பார்கள். குழுத் தலைவர் சிங்களவர். நல்ல மனிதர்தான். ஆனாலும் ஒவ்வொரு இரவும் கேட்பார், "இப்போது வாசித்தது எந்த நாட்டுடையது?" சூசைரட்ணம் ஒவ்வொரு முறையும் ஒரு நாட்டின் பெயரைச் சொன்னார். ஒரு தடவை பெரு என்றார். தலைவர் அதை நம்பினார்.

இரண்டாயிரத்து எட்டில், போர் நடந்துகொண்டிருந்தபோது, கொழும்பில் ஒரு சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். கிட்டாரைவிடச் சத்தத்தை மாற்றும் மிதிபெட்டிதான் சிப்பாய்களை உறுத்தியது. வயர், பேட்டரி, சிவப்பு விளக்கு. வாசித்துக் காட்டச் சொன்னார்கள். மின்சாரம் இல்லாத மின்கிட்டார் கொசு மாதிரித்தான் கேட்கும். அவர் பைலா வாசித்தார். ஒரு சிப்பாயின் பூட்ஸ் தாளம் போட்டது. வாசித்து முடித்ததும் அதே சிப்பாய் அவருடைய பெயரையும் தோட்டத்தின் பெயரையும் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

பிறகு கொழும்பு ஹோட்டல் ஒன்றில் பல வருடம். ஒருமுறை அவர் பெயர் போட்ட சுவரொட்டிகூட வந்தது, எழுத்துப்பிழையோடு. கொரோனாவில் ஹோட்டல் மூடியது. பெட்ரோல் வரிசைக் காலத்தில் ஆம்ப்ளிஃபயரை விற்றுவிட்டு, கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டு குயில்மலைக்குத் திரும்பினார். மனைவி சிசிலி அங்கேதான் இருந்தாள். கொழுந்து எடுப்பவர்களின் பதிவில் அவள் பெயர் இருந்ததால், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறையான லயத்துக் காம்பரா அவர்களிடம் நின்றது.

போன வருடம் தை மாதம் அவர் ஒரு ஆம்ப்ளிஃபயரோடு வீட்டுக்கு வந்தார். உரச்சாக்கில் சுற்றியிருந்தது.

"யாரு குடுத்தா?" சிசிலி கேட்டாள்.

"ஹட்டன்ல ஒரு கூட்டாளி."

அது பொய். பெரிய பங்களாவில் தோட்ட நிர்வாகியான துரையின் விருந்தாளிகளுக்கு ஒரு ஞாயிறு மதியம் அவர் வாசித்திருந்தார். களஞ்சிய அறையில் தூசி பிடித்துக் கிடந்ததைத் துரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். தொழிற்சங்கமும் நிர்வாகமும் முறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பங்களாவுக்குப் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை. மலை முழுக்கப் பனிமூட்டம். காம்பராவுக்குள் இடமில்லை என்று ஆம்ப்ளிஃபயரை வாசலைப் பார்க்க வைத்து, போனில் பதிவு செய்ய உட்கார்ந்தார். சொந்தமாக ஒன்று. தொடக்கத்தில் ஜெபம் மாதிரி மெதுவாகப் போகும். நடுவில் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கி, விரலால் தட்டி, தப்புப் பறையின் ஓசையைக் கொண்டுவருவார். அவருக்குப் பிடித்த அடி ஒன்று உண்டு. மூன்று நெருக்கமாக, ஒன்று தள்ளி. அது சாவு வீட்டில் அடிக்கும் சாவுத் தப்பு.

குயில்மலையில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டப் பிரிவில் சாவு விழுந்து தப்பு அடித்தால் கொழுந்து எடுப்பதில்லை. கேட்ட இடத்தில் கூடையை இறக்கிவிட்டு எல்லோரும் வருவார்கள். யார் என்று மேலே நின்று யாரும் கேட்பதில்லை.

பத்து மணிக்கு முப்பத்திரண்டு பெண்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். முன்னால் ஓடி வந்தவள் ஜீவராணி. அவளுடைய அப்பா ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். வடிகானில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு, "அப்பா" என்று அலறியபடி காம்பராவுக்குள் போனாள். கிழவர் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னா புள்ள? யாரு செத்தா?" என்று அவர்தான் கேட்டார்.

மறுநாள் முப்பத்திரண்டு பேருக்கும் அரைநாள் கூலிக்கான அரைப்பேர்தான் விழுந்தது. காரணமில்லாமல் வேலையை விட்டு இறங்கியதாக எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. சங்கத்தை மடக்க நிர்வாகத்துக்கு அந்த மாதம் அப்படி ஒரு கடிதம் தேவையாகத்தான் இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் அழகனுக்கு அதுவே போதும். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில், வேலைக்கு நின்ற எல்லோருக்கும் முன்னால், சிசிலியிடம் கேட்டார்.

"ஏம்மா சிசிலி, ஒன் வீட்டுக்காரருக்கு அந்தப் பொட்டி குடுத்த ஹட்டன் கூட்டாளி பேரு என்னா? பெரிய தொரையா?"

பங்களாச் சமையற்காரர் சொல்லியிருந்தார். சிசிலி கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"தொரைக்காகத்தான் வாசிச்சீங்களா?"

"இல்ல சிசிலி. எனக்காகத்தான்."

"பொட்டி?"

அவர் சொன்னார்.

"அன்னைக்கி இத சொல்லியிருந்தா இன்னைக்கி அவங்க வாயை நா அடைச்சிருப்பேன். இனி நீங்க என்னா சொன்னாலும் நா எப்படிங்க நம்புறது?"

ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிக் கொடுக்கப் போனார். பட்டப்பகலில் பங்களாவுக்குப் போனதை ஊரே பார்த்தது. அடுத்த கூலியை வாங்கப் போயிருக்கிறான் என்றார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சிசிலிக்கு முன்னும் பின்னும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி விட்டார்கள். கொழுந்து எடுக்கும் நிரையில் அவளோடு யாரும் பேசுவதில்லை. ஜீவராணி மட்டும் அவள் காதில் விழும்படி பேசினாள். "எங்கப்பன் சாவ வச்சி ஒத்திகை பாத்துட்டான்."

சூசைரட்ணம் கிட்டாரைத் தொடவில்லை. வீட்டில் சோறு பரிமாறப்பட்டது, அவ்வளவுதான். சிசிலி அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பதை இரண்டு முறை கண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை, பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் ஆயா ஓடி வந்தாள். ஜீவராணியின் அப்பா போய்விட்டார். தப்புக்காரரைக் கூப்பிட்டார்கள். அடி தொடங்கியது. சூசைரட்ணம் வாசலில் நின்று மேலே பார்த்தார். பனிமூட்டத்துக்குள் பெண்கள் இருந்தார்கள். கால் மணி நேரமாகியும் ஒருவரும் இறங்கவில்லை.

அவரே ஏறினார். நிரையில் பெண்கள் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். தப்பு மேலேவரை தெளிவாகக் கேட்டது.

"ஜீவராணி, அப்பா போயிட்டாரும்மா. எறங்கி வா."

அவள் நிமிரவில்லை. "இந்தத் தடவ எவன் அனுப்புனான்?"

"யாரும் அனுப்பல. சத்தம் கேக்குதுல்ல? நா இங்க வெறுங்கையோட நிக்கிறேன்."

"போன்ல புடிச்சி ஸ்பீக்கர்ல போட்டுட்டு வந்திருப்ப. எறங்கினா இன்னொரு கடுதாசி. நல்லா இருக்குண்ணே ஒன் வேல."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் சிசிலியைத் தேடினார். நாலாவது நிரையில் இருந்தாள். கூடையின் கயிறு நெற்றியில் இறுகியிருந்தது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க," என்றாள். "அது நீங்களா?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வேறு சாட்சி எதுவும் அவரிடம் இல்லை.

அப்போது கீழே தப்பு நின்றது.

பனியில் தோல் நனைந்தால் தப்பு தளர்ந்துவிடும். ஓசை கும்மென்று அமுங்கும். தப்புக்காரர் நிறுத்தி, ஓலை கொளுத்தி, தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி தொடங்குவார். கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு ஒரு தட்டு. இன்னொரு தட்டு. தோல் இன்னும் ஏறவில்லை. திரும்பவும் மௌனம்.

சிசிலி கூடையை இறக்கினாள்.

"ஜீவராணி," என்றாள். "காய்ச்சுறாங்க. ஸ்பீக்கர காய்ச்ச மாட்டாங்கடி."

ஜீவராணி நிமிர்ந்தாள். மேலும் இரண்டு தட்டு கேட்டது, இப்போது கூர்மையாக. அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஓடினாள். கொழுந்து வழியெல்லாம் சிந்தியது. மற்றவர்களும் பின்னாலே போனார்கள். சிசிலி கடைசியாக இறங்கினாள், அவரோடு. பாதி வழியில், "கைய கீழ போடுங்க," என்றாள்.

சாவு வீட்டில் அழகன் ஒரு மூலையில் யாரிடமோ, இவன் எப்படி முதல் ஆளாகத் தெரிந்துகொண்டான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சூசைரட்ணத்தை யாரும் உட்காரச் சொல்லவில்லை. எட்டாம் நாள் ஜீவராணி அவர் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றாள்.

"வாசிக்காதேன்னு சொல்லல. சொல்லிட்டு வாசி."

இப்போது அவரிடம் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. ஹட்டன் கடையில் வாங்கியது. கடைப் பில்லைச் சிசிலி பெரட்டில் கொண்டுபோய் அழகனிடம் காட்டினாள். அவர் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். சூசைரட்ணம் இப்போது போனில் பதிவு செய்து இணையத்தில் போடும் துண்டுகளை எங்கெங்கோ இருக்கிறவர்கள் கேட்கிறார்கள். இது எந்த வகை என்று கீழே எழுதுகிறார்கள். அவர் பதில் எழுதுவதில்லை.

அவர் வாசிக்கிற நாட்களில், காலைப் பெரட்டில் மேற்பார்வைக்காரரான கண்டாக்கு பெயர் கூப்பிட்டு முடித்ததும் சிசிலி ஓர் அடி முன்னால் வருவாள்.

"இன்னைக்கி பத்து மணிக்கி எங்க வீட்டுக்காரரு வாசிப்பாரு. யாரும் சாகல."

கண்டாக்கு சிரிப்பார். பெண்கள் தலையாட்டிவிட்டு மலைக்கு நடப்பார்கள். பத்து மணிக்கு அந்த அடி வரும். மூன்று நெருக்கமாக, ஒன்று தள்ளி. ஒருத்தியும் கூடையை இறக்க மாட்டாள். ஆனால் எல்லாக் கைகளும் செடிமேல் நின்றுவிடும், கீழே யாராவது தோலைக் காய்ச்சுகிறார்களா என்று காதைக் கொடுத்தபடி.