ரேஷன் கடைச் சுவரில் ஒரு வறண்ட கிரகம்

உச்சிப்புளி நிறுத்தத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் அந்த யோசனை தோன்றியது. காதில் இயர்போன், போனில் ஓர் அனிமேஷன் படம். கடல் வற்றிப்போன ஒரு கிரகத்தில், நண்டு மாதிரி ஓர் இயந்திரம் தண்ணீர் தேடித் தனியாக நடக்கிறது. ஒரு வசனம்கூடக் கிடையாது. முழுக்க எலெக்ட்ரானிக் இசை. அந்த நேரம் பார்த்துக் கடற்படை ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனது. அதன் அதிர்வும் இசையும் சேர்ந்து நெஞ்சுக்கூட்டில் இடித்தன. அடடா, இதைக் காதால் கேட்டால் போதாது, உடம்பால் கேட்க வேண்டும்! எங்கள் பக்கம் அதற்கு ஒரே வழி, திருவிழா மைக்செட்.

ஊர்ப் பொங்கல் வந்தது. படத்தைப் போட விடச் சொல்லிக் கமிட்டித் தலைவரிடம் கெஞ்சினேன்.

"ஆடல் பாடல் வேன் வார வரைக்கும் ஓட்டிக்க. சனம் எந்திருச்சா நிப்பாட்டிருவேன்" என்றார்.

படம் முக்கால் மணி நேரம். பொழுது சாய்ந்த பிறகு வேன் வர ஒரு மணி நேரம் ஆகும். ஊர் அதை முழுசாகப் பார்க்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்ததும் ரேஷன் கடைச் சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம் விழுந்தது. மைக்செட் அண்ணன் முதலில் பிள்ளையார் பாட்டு போட்டார். சாமி பாட்டு ஓடாமல் அவர் பெட்டியில் வேறெதுவும் ஓடாது. பிறகு படம்: இருட்டுத் திரை, அடியாழத்திலிருந்து 'ஊங்' என்று ஒரே சுரம், மெல்லப் பெருகுகிறது. எனக்குப் புல்லரித்தது. அண்ணன் பட்டென்று ஆம்ப்ளிபயரை அணைத்தார்.

"எர்த் அடிக்குது! பாக்ஸு இரையுது பாரு."

"அண்ணே, அது மியூசிக்கு."

"ஏலே, இருபது வருசமா மைக்செட் கட்டுறேன். எர்த் சத்தம் எனக்குத் தெரியாதா?"

எர்த் கம்பியைப் பிடுங்கி வேறிடத்தில் அடித்தார். எர்த் பிடிக்க அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். வயரை மாற்றினார். மறுபடியும் 'ஊங்'. இன்னொரு குடம். கடைசியில் போனை அவர் காதிலேயே வைத்தேன்.

"இதப் போயா காசு செலவழிச்சுப் பண்ணிருக்காய்ங்க?" என்று சிரித்தபடி சத்தத்தைக் கூட்டினார். அதற்குள் அரை மணி நேரம் போயிருந்தது.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல! பேஸ் அடித்தபோது உட்கார்ந்திருந்த மண்ணே அதிர்ந்தது. இயந்திரத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தாளம். அது களைத்தால் தாளமும் தளர்கிறது, பயந்தால் ஒரு கீச்சு. முகமே இல்லாத ஒன்றின் மனசை இசையாலேயே காட்டிவிட்டார்கள். பெண்கள் பக்கமிருந்து பேச்சு வந்தது.

"இது தனுஷ்கோடில்ல?"

"இல்லடி, அங்கனதான் தண்ணி கெடக்கே."

"பாவம், யாராச்சும் அதுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்துங்கப்பா."

"மைக்செட் அண்ணன்ட்ட சொல்லு, குடத்தோட நிக்கிறாரு."

சிரித்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. இயந்திரம் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறது, இசை அப்படியே அடங்குகிறது... வேன் ஹாரன் அடித்தது. தலைவர் கை காட்டினார். சுவர் வெறும் சுவரானது.

"அதுக்குத் தண்ணி கெடச்சுச்சா?" என்றார் பக்கத்து வீட்டு மதினி. வாயைத் திறந்தேன். "சொல்லாத! நான் பாக்கணும்."

மைக்செட் அண்ணன் என் வயரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். "ஞாயித்துக்கிழம கடலாடில ஒரு காதுகுத்து. பந்தி முடிஞ்சதும் மண்டபத்துக் கதவச் சாத்துனா இருட்டுதான். கொண்டு வா."

மதினி பஸ் ஏறி வருவதாகச் சொல்லிவிட்டார். காதுகுத்து வீட்டாரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. நாளை அண்ணனோடு போய்க் கேட்கப் போகிறேன்: முக்கால் மணி நேரம், நடுவில் நிறுத்தக் கூடாது.