பதினெட்டு குழி

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அப்பா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பெங்களூரில் இருந்த அண்ணன் தன் பழைய கம்ப்யூட்டரை லாரி பார்சலில் தஞ்சாவூருக்கு அனுப்பியிருந்தான். அதில் ஒரு கோல்ஃப் விளையாட்டு இருந்தது. கோல்ஃப் மைதானத்தை நேரில் பார்த்தவர் எங்கள் தெருவிலேயே கிடையாது. ஆனால் அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். ஸ்பேஸ் பாரை ஒரு தட்டு தட்டினால் மட்டை ஓங்கும், இன்னொரு தட்டில் பந்து பறக்கும். கொஞ்சம் பிசகினாலும் குளத்தில்தான் விழும். "பாழாப்போன புல்லுக்கு இவ்வளவு தண்ணியா" என்று திட்டிக்கொண்டே ஆடுவார்.

வேறெதிலும் அவருக்கு மனசு ஒட்டவில்லை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு மா நிலம். வாய்ப்பேச்சுக் குத்தகை. வருஷா வருஷம் குத்தகை நெல்லுக்காகத் தகராறு, பஞ்சாயத்து, வரப்பில் கட்சிக் கொடி, பிறகு சமாதானம். ஆட்சி மாறும், சுவரில் சின்னம் மாறும், இந்தப் பேச்சு மட்டும் மாறாது. கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குத்தகைக்காரர் வந்தார். அப்பா திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் "வாப்பா" என்றார். நான் "வாங்க, உட்காருங்க" என்றேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "மாமா சாப்பிட வரலையா?" என்று கேட்டாள்.

"இதோ வருவாங்க. பதினெட்டு குழியையும் முடிச்சாச்சு" என்றேன்.

கோல்ஃபில் பந்து விழும் குழி பதினெட்டு. எங்கள் பக்கத்திலோ குழி என்றால் நில அளவு, நூறு குழி ஒரு மா. முடிப்பது என்றால் விலை பேசி முடிப்பது. குத்தகைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எந்தப் பதினெட்டு குழிங்க? ரோட்டோரமா இருக்கறதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து திரையைக் காட்டினேன். "இதுதாங்க அந்தக் குழி. பந்து விழற குழி."

உற்றுப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பயமுறுத்திட்டீங்களே தம்பி. நானும் ஒரு கூறுகெட்டவன்." எங்கள் வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்பா சிரிக்கவில்லை. கீபோர்டைத் தள்ளி வைத்தார்.

"பதினெட்டு குழி இல்லப்பா. ஆறு மாவையும் முடிச்சுட்டேன், மனை போடறவங்களுக்கு. நெல்லுக்காக உங்கிட்ட மல்லுக்கு நிக்க இனிமே தெம்பில்ல."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். குத்தகைக்காரர் கத்துவார், ஆள் கூட்டி வருவார் என்று பயந்தேன். கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாத்து விட்டுட்டேங்களே ஐயா" என்றார்.